தொப்பியிலிருந்து தொடங்குங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா மேடையிலோ படத்திலோ வர வேண்டுமென்றால் முதலில் விக் செய்துவிட்டு, பிறகு தொப்பி தேடுவதுதான் வழக்கம். நான் சொல்வது நேர்மாறு. எந்தப் பத்தாண்டு, எந்தத் தொப்பி என்று முடிவு செய்யுங்கள். அதன் பிறகு முடியில் கை வைக்கலாம்.

1750களின் பெண்ணுக்குக் கூந்தல் தாழ்வு. குழி குறைந்த, விளிம்பு அகன்ற பெர்ஜேர் வைக்கோல் தொப்பி பொருந்தும். நெற்றிப் பக்கம் சற்றுச் சாய்த்து, ரிப்பனைப் பின்னால் கட்டினால் போதும். 1770களில் கூந்தல் நெற்றிக்கு மேலே கோபுரமாக எழுந்தது. அந்த உயரத்தை வெளியில் காக்கக் கலாஷ் வந்தது. பிரம்பு வளையங்களைப் பட்டுத்துணிக்குள் தைத்து, ரிக்‌ஷாக் கூரை போல மடக்கி விரிக்கும் முக்காடு அது. 1780களில் கூந்தல் பக்கவாட்டில் பரந்தது, தொப்பியும் பெரிதானது. ஜார்ஜியானா சீமாட்டியை ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்த படத்தைப் பாருங்கள். இந்தத் தொப்பிக்கு மட்டும் விக்கை மாட்டிய பிறகே தலையை அளக்க வேண்டும்.

1770களின் உயரக் கூந்தலை எல்லோரும் விக் என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சொந்த முடி. உள்ளே கம்பளியோ குதிரைமுடியோ அடைத்த திண்டு, மேலே பொமேடும் பவுடரும், சுருள்களுக்கு மட்டும் ஒட்டுமுடி. நடிகைக்கு நீண்ட முடி இருந்தால் திண்டும் சவுரியும் போதும். நெற்றியோரத்தின் இயல்பு எந்த விக்கிலும் வராது. ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் சீவிக் கட்ட ஆள் வேண்டும். நாடகத்தின் நடுவே வேடம் மாறுகிறது என்றால் விக்தான் வழி.

ஆண்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு, பெரும்பாலும் விக்தான். அன்று அதை யாரும் சொந்த முடியென்று காட்ட முயலவில்லை. அதனால் வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கொக்கியால் முடிச்சிடும் வேலை இங்கே வீண். அன்றைய முறையே நல்லது: இரண்டு கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூல்களில் முடியைப் பின்னி, அந்தச் சரங்களை மரத்தலையில் மாட்டிய வலைக்குல்லாவில் வரிசையாகத் தைப்பது. முக்கோணத் தொப்பியும் எளிது. அகன்ற விளிம்புள்ள கம்பளித் தொப்பியை ஆவியில் காட்டி, விளிம்பை மூன்று பக்கம் மடித்துத் தைத்தால் முடிந்தது. அரசவைக் காட்சியில் அதைத் தலையில் வைக்க வேண்டியதும் இல்லை. விக் கலையாமல் இருக்க அக்குளில் இடுக்கிச் செல்வதற்கென்றே தட்டையான தொப்பிகள் இருந்தன.

இனி முடி. செயற்கை முடி மலிவு, ஈரக்காற்றிலும் சுருள் குலையாது. ஆனால் பெரும்பாலான வகைகள் சூடான இரும்பு பட்டால் உருகும், வெந்நீரில் சுருட்ட வேண்டும். விளக்கில் மினுங்கும் குறையைப் பவுடர் மறைத்துவிடும். மனித முடி சாயம், சூடு இரண்டையும் தாங்கும், விலைதான் அதிகம். திருப்பதியில் காணிக்கையாக இறக்கிய முடி ஏலத்தில் போய் உலகின் விக் பட்டறைகளைச் சேர்கிறது. யாக் முடி முரடு, வெண்மை, விறைப்பாக நிற்கும். ஆட்டுமுடி, குதிரைமுடியோடு இதையும் அன்றைய பட்டறைகள் பயன்படுத்தின. ஆணின் வெள்ளை விக்குக்கு நான் யாக்கையே எடுப்பேன். கேமரா முகத்தருகே வந்தால் மனித முடி, தொலைவிலிருந்து பார்க்கும் மேடைக்குச் செயற்கை.

செயற்கையை எடுத்தால் ஒரு வேலை கூடும். அதன் வழுவழுப்பில் தொப்பி ஊசி நிற்காது. உச்சியில், முடிக்கு அடியில், ஒரு பருத்தித் துணிப் பட்டையை முன்கூட்டியே தைத்துவிடுங்கள்.