கடைமடையின் கைவிளக்கு

நுழையும்முன்

அறிவியல் நாள்தோறும் புதுக்கருவிகளைத் தருகிறது. அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே வழக்கொழிகின்றன. மின்கலத்தால் ஒளிரும் கைவிளக்கோ நூற்றாண்டைக் கடந்தும் மக்கள் கையை விட்டு அகலவில்லை. எளிய அமைப்பும், உடையவர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடந்தரும் இயல்புமே அதன் நிலைபேற்றுக்குக் காரணங்கள். அவ்வுண்மையைக் காவிரிப் பாசனத்தின் கடைமடையிலுள்ள அதிராம்பட்டினத்தை நிலைக்களனாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

மருதமும் நெய்தலும் கூடும் ஊர்

தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டை வட்டத்தில், பாக் நீரிணையின் கரையில் அமைந்த ஊர் அதிராம்பட்டினம். ஒருபுறம் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும். மறுபுறம் உப்பளங்களும் மீனவர் துறைகளும். இங்கிருந்து கிழக்கே முத்துப்பேட்டை வழியாகக் கோடியக்கரை நோக்கி அலையாத்திக் காடுகள் விரிகின்றன. மருதமும் நெய்தலும் கூடும் இந்நிலத்தில் உழைப்பின் நேரத்தைக் கதிரவன் மட்டும் வகுப்பதில்லை. ஆற்றுநீரும் கடலும் மின்சாரமும் சேர்ந்தே வகுக்கின்றன.

மேட்டூர் அணையைப் பாசனத்துக்காக ஆண்டுதோறும் சூன் 12 ஆம் நாள் திறப்பது மரபு. பட்டுக்கோட்டைப் பகுதிக்கு நீர் தரும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணைத் திட்டத்துடன் இணைந்து 1934 ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. கல்லணையில் திறந்த நீர் கடைமடையை எட்ட நாளாகும். நீர்வரத்து குறைந்த காலங்களில் முறை வைத்தே நீர் விடப்படும். ஒருவரது முறை நள்ளிரவில் வருமாயின், நள்ளிரவிலேயே அவர் வயலுக்குச் சென்று மடை திறக்க வேண்டும். 'விடியட்டும்' என்று காத்திருப்பவரின் நாற்று வாடும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்போர்க்கும் மும்முனை மின்சாரம் வரும் நேரமே பாசன நேரம். வெயில் ஏறுமுன் உப்பளம் செல்வோரும், விடியுமுன் படகு தள்ளுவோரும் இருளில்தான் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். இவர்கள் அனைவர் கையிலும் தவறாது இருப்பது கைவிளக்கு.

ஓலைச்சுடரிலிருந்து மின்சுடர் வரை

மின்கல விளக்கு வருமுன் இரவு வழிக்குத் துணையாய் இருந்தவை காய்ந்த தென்னம்பாளையைக் கொளுத்திய சுடரும், தீவட்டியும், பின்னர் மண்ணெண்ணெயில் எரிந்த அரிக்கேன் விளக்குமே. சுடர் காற்றில் அணையும், மழையில் நனையும், வைக்கோற்போர் அருகே கொண்டுசெல்ல அச்சந்தரும். அரிக்கேன் விளக்கு தன்னைச் சுற்றிலும் ஒளி பரப்புமேயன்றித் தொலைவிலுள்ளதைக் காட்டாது.

பிரான்சு நாட்டு அறிஞர் லெக்லாஞ்சே 1866 ஆம் ஆண்டு உருவாக்கிய மின்கலம் நீர்மம் நிறைந்த கண்ணாடிக் கலமாக இருந்தது. அதனைச் சாய்த்தால் சிந்தும். செருமானியரான கார்ல் காஸ்னர் 1886 ஆம் ஆண்டளவில் நீர்மத்துக்குப் பதில் பசை நிரப்பித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். உலர் மின்கலம் பிறந்தது. மின்சாரம் கையில் எடுத்துச்செல்லும் பொருளாயிற்று. டேவிட் மிசெல் என்பவர் வடிவமைத்த குழாய்வடிவக் கைவிளக்குக்கு 1899 சனவரி 10 அன்று அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அக்கால மின்கலங்கள் தொடர்ந்து ஒளிதரும் வலிமையற்றவை. விட்டு விட்டே ஒளிர்ந்தன. அதனாலேயே ஆங்கிலத்தில் அதற்குப் 'பளிச்சிடும் விளக்கு' என்னும் பொருள்தரும் பெயர் அமைந்தது.

இந்தியாவில் சென்னைத் திருவொற்றியூர் மின்கல உற்பத்திக்கும், இலக்னோ கைவிளக்கு உற்பத்திக்கும் பெயர்பெற்றன. பித்தளையாலான ஒருவகைக் கைவிளக்கு 'ஜீவன் சாத்தி' என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. 'வாழ்க்கைத் துணை' என்பது அப்பெயரின் பொருள். சிற்றூர் மக்களுக்கும் கைவிளக்குக்கும் இருந்த உறவை அப்பெயரே உணர்த்தும்.

எளிமையின் கட்டமைப்பு

கைவிளக்கைக் கழற்றிப் பார்ப்பவர் அதன் எளிமையை உணர்வர். உலர் மின்கலங்கள், குமிழ்விளக்கு, எதிரொளிப்பான், பொத்தான், மூடியிலுள்ள சுருள்வில், இவற்றைத் தாங்கும் உருளை ஆகியனவே அதன் உறுப்புகள். சுருள்வில் மின்கலங்களை முன்னோக்கி அழுத்துகிறது. உலோக உடலே மின்சாரம் திரும்பும் பாதையாகிறது. பொத்தான் அப்பாதையை இணைத்தும் துண்டித்தும் தருகிறது.

குமிழின் பின்னுள்ள எதிரொளிப்பான் பரவளைய வடிவினது. பரவளையத்தின் குவியத்தில் வைக்கப்பட்ட ஒளிமூலத்தின் கதிர்கள் எதிரொளித்து இணைகதிர்களாகச் செல்லும். குமிழ் சற்றே முன்பின் நகர்ந்தால் கதிர்கள் விரியும். விளக்கின் தலைப்பகுதியைத் திருகி, ஒளியைக் குவிக்கவும் பரப்பவும் முடிவது இதனாலேயே. கணித வகுப்பில் சமன்பாடாகக் கற்கும் பரவளையம், வயல்வரப்பில் வழிகாட்டும் ஒளியாக நீள்கிறது.

தேவைக்கேற்ற மாற்றம்

தமிழகச் சிற்றூர்களில் உலர் மின்கலத்தைக் 'கட்டை' என வழங்குவர். கைவிளக்கின் திறனும் 'இரண்டு கட்டை', 'மூன்று கட்டை', 'ஐந்து கட்டை' என்றே அளக்கப்படும். ஒரு கட்டை 1.5 வோல்ட் தரும். தொடரிணைப்பில் மூன்று கட்டைகள் 4.5 வோல்ட்டும், ஐந்து கட்டைகள் 7.5 வோல்ட்டும் தரும். வீட்டு வாசலுக்கு இரண்டு கட்டை போதும். தோப்பின் மறுகோடியைக் காண ஐந்து கட்டை வேண்டும். கட்டையின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குமிழும் மாற வேண்டும். இல்லையேல் மங்கும், அல்லது கருகும். விளக்கை வாங்கும்போதே தன் தேவையை அளந்தறியும் நுண்ணறிவு இவ்வழக்கில் அடங்கியுள்ளது.

வாங்கிய பின்னும் மக்கள் அதனைத் தமக்கேற்ப அமைத்துக்கொண்டனர். வாய்க்காலில் இறங்கும் உழவர் வளையத்தில் கயிறு கட்டித் தோளில் மாட்டினர். பயணத்தில் பொத்தான் தானே அழுந்தி ஆற்றல் வீணாகாதிருக்க ஒரு கட்டையைத் தலைகீழாகப் போட்டுவைத்தனர். தளர்ந்த கட்டைகளை வெயிலில் காயவைத்தனர். வெப்பத்தால் உள்ளே வேதிவினை சற்று விரைவுபடுவதால் சிறிது நேரம் ஒளி கூடியது. தொடர்வண்டிப் பணியாளர் கையில் அதே விளக்கு சிவப்பும் பச்சையும் வெள்ளையும் காட்டும் குறிவிளக்காயிற்று. விண்மீன் நோக்குவோர் கண்ணாடியின்மீது சிவப்புத்தாள் ஒட்டினர். சிவப்பொளி இருளுக்குப் பழகிய விழியின் பார்வையைக் கெடுப்பதில்லை.

இவ்வாறு மாற இடந்தந்ததே புதுமையையும் ஏற்கச் செய்தது. இழைக்குமிழ் தான் பெறும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கும். நீலஒளி உமிழும் டையோடைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோர் 2014 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அதன் வழிவந்த வெள்ளொளி எல்.இ.டி. குமிழ், குறைந்த ஆற்றலில் மிகுந்த ஒளி தந்தது. பழைய பித்தளை விளக்கிலும் பொருந்துமாறு அது செய்யப்பட்டது. உறுப்புகள் தனித்தனியே கழற்றத்தக்கனவாய் இருந்தமையால் முன்னோர் வாங்கிய உடலில் இன்றைய ஒளி குடிபுகுந்தது.

அடிவைக்கும் முன்

டெல்டாவில் கைவிளக்கு வசதிக்கான பொருள் மட்டுமன்று, உயிர்காக்கும் பொருளுமாகும். நெல்வயல் எலிகளை ஈர்க்கும். எலிகள் பாம்புகளை ஈர்க்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே இந்தியாவில் மிகுதியான நச்சுக்கடிக்குக் காரணமானவை. கட்டுவிரியன் இரவில் இரைதேடுவது. அதன் கடி பெரும்பாலும் வலி தராமையால் கடியுண்டவர் அறியாமலே காலங்கடந்துவிடும். வரப்போரப் புல்லில் அசையாது கிடக்கும் கண்ணாடி விரியன் மண்ணின் நிறத்தோடு ஒன்றிப்போகும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இறந்தோருள் மிகப் பலர் சிற்றூர் மக்கள். 2017 இல் உலக நலவாழ்வு நிறுவனம் பாம்பு நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாக அறிவித்தது. 2024 இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக்கியது. இரவில் விளக்கும் காலணியும் இன்றி நடக்கலாகாது என்பதே மருத்துவர்கள் தரும் முதல் அறிவுரை. நஞ்சுமுறிவு மருந்து கடித்தபின் உதவுவது; கைவிளக்கோ கடியையே தடுப்பது.

புயலிரவின் பாடம்

2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பகுதியின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் மீள வாரக்கணக்கில் ஆயிற்று. மின்னேற்ற வழியின்றிக் கைப்பேசிகள் அணைந்தன. அந்நாள்களில் பெட்டியில் கட்டை இருந்த கைவிளக்கே விழுந்த மரத்தையும் அறுந்த கம்பியையும் காட்டியது.

கைப்பேசியிலும் விளக்கு உண்டு. ஆயினும் அவ்வொளி குவியாது பரவுவது. அழைப்புக்குத் தேவையான ஆற்றலையே உண்பது. சேற்றிலோ நீரிலோ விழுந்தால் ஒளியோடு தொடர்பும் போவது. பல பணிகளைச் செய்யும் கருவி ஒரு குறையால் அனைத்தையும் இழக்கும்; ஒரு பணியைச் செய்யும் கருவி அப்பணியில் கைவிடாது.

மின்னேற்றி நிரப்பும் விளக்குகள் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் பல, மின்கலம் தளர்ந்தால் திறக்கவியலாதவாறு மூடப்பட்டவை. முழு விளக்கும் குப்பையாகிறது. பயன்முடிந்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதை உற்பத்தியாளரின் கடமையாக்கியது 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதி. கழற்றவும் மாற்றவும் இயலும் பழைய அமைப்பே சூழலுக்கும் உகந்ததென அறிவுலகம் மீண்டும் உணர்கிறது. ஒரு கருவியின் மாறாப் பயன் அதன் விலையிலோ புதுமையிலோ இல்லை. பயன்படுத்துவோர் அதனைப் புரிந்துகொள்ளவும் பழுதுநீக்கவும் தமதாக்கிக்கொள்ளவும் இயல்வதில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

• பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.
• நெடுநாள் பயன்படுத்தாத கைவிளக்கிலிருந்து மின்கலங்களை எடுத்துவிட வேண்டும். கசிவு உலோகப் பகுதிகளை அரித்துவிடும்.

இலக்கணக் குறிப்பு

நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் – எண்ணும்மை
சுருள்வில் – வினைத்தொகை
மாறாப் பயன் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

திறந்த = திற + த்(ந்) + த் + அ
திற – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இரவில் பணிசெய்வோரைக் கண்டு, அவர்கள் பயன்படுத்தும் விளக்குகளையும் அவற்றில் செய்துகொண்ட மாற்றங்களையும் தொகுத்துக் கட்டுரை எழுதுக.
2. பழுதுநீக்கிப் பயன்படுத்தத்தக்க ஐந்து வீட்டுப்பொருள்களைப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: மின்கலத்தைக் 'கட்டை' எனக் கணக்கிடும் வழக்கை விளக்குக.
சிறுவினா: கடைமடை உழவரின் இரவுப்பணிக்கான காரணங்களை எழுதுக.
நெடுவினா: 'எளிமையே நிலைபேற்றுக்கு வழி' என்பதைக் கைவிளக்கின் வரலாறு கொண்டு நிறுவுக.