மீளும் செலவு முன்னே, மீளாத செலவு பின்னே

வர்த்தகம் செய்வோர் தமது செலவுகளைப் பெரிய செலவு, சிறிய செலவு என்றே பெரும்பாலும் பிரித்துப் பார்க்கின்றனர். அதைவிடப் பயனுள்ள பிரிப்பு ஒன்று உண்டு. போட்ட பணத்தின் ஒரு பகுதியையாவது திரும்ப எடுக்கக்கூடியது மீளும் செலவு. போட்டால் போட்டதுதான் என்பது மீளாத செலவு. எதை முதலில் செய்வது, எதைப் பிற்படுத்துவது என்பதே இவ்வாரப் பாடம். இதற்கு உதாரணமாக ஒரு வீட்டு வளவில் அமைந்த விளையாட்டுத் திடலை எடுத்துக்கொள்வோம்.

கீரிமலைப் பகுதி மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். போர் 2009 இல் முடிந்த பின்னர் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் வீடு, கிணறு, மதில் என்று எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. கையில் முதல் சிறிது, தேவைகளோ பல.

2021 இன் தொடக்கத்தில் அங்குள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனது ஹாட்வெயார் கடைக்கு வந்தார். கொரோனாவினால் பாடசாலைகள் ஒழுங்காக நடைபெறாத காலம் அது.

"நானா, பேரப்பிள்ளையள் விளையாட வளவுக்குள்ள ஒரு கோட் போடவேணும். சீமெந்து எத்தனை பை போகும்?" என்றார்.

"மாஸ்டர், என்ன விளையாட்டு எண்டு முதல்ல சொல்லுங்கோ. சீமெந்தைப் பிறகு பாப்பம்" என்றேன்.

மூத்த பேத்தி பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் இருந்தாள். பையன்கள் இருவருக்கும் பூப்பந்தாட்டத்தில் ஆசை.

அளவும் கணக்கும்

முழுமையான வலைப்பந்தாட்டத் திடல் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்டது. ஏறக்குறைய இரண்டு பரப்புக் காணி வேண்டும். அது வீட்டு வளவுக்குச் சரிவராது. பூப்பந்தாட்டத் திடல் 13.4 மீற்றருக்கு 6.1 மீற்றர். சுற்றிவர ஒரு மீற்றர் விட்டால் சுமார் 125 சதுர மீற்றர், அதாவது அரைப் பரப்பு போதும். அதற்கு நான்கு அங்குலக் கொங்கிரீற் போடுவதாயின் சுமார் 80 பை சீமெந்து செல்லும். அப்போது ஒரு பை ஆயிரம் ரூபாவை அண்டியிருந்தது. சீமெந்துக்கு மாத்திரம் 80,000 ரூபா. மணல், கல், கூலி வேறு.

எண்பது பை விற்பது எனக்கு நல்ல வியாபாரம்தான். ஆனாலும் மண் தளத்தில் தொடங்குமாறு சொன்னேன். நிலத்தை மட்டப்படுத்தி, மழைநீர் வடிய ஒரு பக்கம் சிறிது சரிவு விட்டு, மெல்லிய கிறவல் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். கோடுகளைச் சுண்ணாம்பினால் போடலாம். காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காதிருக்க நீளப் பக்கம் வடக்குத் தெற்காக அமைய வேண்டும்.

கம்பங்களுக்குக் கடற்காற்றில் இலகுவில் துருப்பிடிக்காத ஜீ.ஐ. குழாய் கொடுத்தேன். கம்பத்தை நேரே நிலத்தில் புதைக்காமல், சற்றுப் பெரிய குழாய்த் துண்டைப் புதைத்து அதற்குள் இறக்கச் சொன்னேன். வேண்டாதபோது கழற்றலாம், வேறிடத்தில் நடலாம். வலைப்பந்துக்கு 3.05 மீற்றர் உயரத்தில் வளையத்துடன் ஒரு கம்பம். அதன் முன்னே 4.9 மீற்றர் ஆரையில் ஓர் அரைவட்டம். கோல் போடப் பழகும் பிள்ளைக்கு முழுத் திடல் அவசியமில்லை. அதே மாவட்டத்தின் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்குக் கோல் போட்டு உலகப் புகழ் பெற்றதும் இந்த அரைவட்டத்துக்குள் நின்றுதான்.

பாவனை சொன்ன பாடம்

ஒன்றரை வருடத்தில் உண்மை தெரிந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலோர வளவில் பூப்பந்து நேரே போகவில்லை. பையன்கள் வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டனர். பேத்தியோ ஒரு நாளும் பயிற்சியை விடவில்லை. மாரியில் அரைவட்டம் சேறாவதே அவளது குறை.

2022 இன் இறுதியில் மாஸ்டர் மீண்டும் வந்தார். அரைவட்டத்துக்கு மாத்திரம் கொங்கிரீற் போடத் தீர்மானித்திருந்தார். சுமார் 38 சதுர மீற்றர். 24 பை போதும்.

"பிந்தினால் விலை ஏறிவிடும்" என்று கூறும் வர்த்தகர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். விலை ஏறத்தான் செய்தது. பொருளாதார நெருக்கடியினால் ஒரு பை மூவாயிரம் ரூபாவை அண்டியிருந்தது. அப்படியிருந்தும் 24 பைக்கு 72,000 ரூபாதான். முன்னர் போட்டிருந்தால் 80,000 ரூபா போயிருக்கும். விலை மூன்று மடங்கான பின்னரும் அவருக்கு நட்டமில்லை. தேவை எதுவென்று தெரிந்த பின் வாங்கியதே காரணம்.

இன்னொரு இலாபமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால், 125 சதுர மீற்றரில் விழும் நீர் ஒன்றரை இலட்சம் லீற்றருக்கு மேல். முழுவதையும் கொங்கிரீற்றால் மூடியிருந்தால் அந்த நீர் நிலத்தில் இறங்க வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

கடைக்கு எப்படிப் பொருந்தும்?

வாடகைக் கடை எடுத்தவுடன் தரைக்கு மாபிள் பதித்து, சுவரோடு சேர்த்து அலுமாரி அடிப்பவர்கள் நம்மில் பலர். கடையை விட வேண்டி வந்தால் மாபிளைக் கொண்டு செல்ல முடியாது. கழற்றிப் பூட்டும் இரும்பு ராக்கையைக் கொண்டு செல்லலாம், விற்கவும் செய்யலாம். புதிய பொருளுக்குக் கிளை திறக்குமுன் இருக்கும் கடையில் ஒரு மூலையை ஒதுக்கிப் பாருங்கள். இயந்திரம் வாங்குமுன் சில மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

எனினும் இதைக் கஞ்சத்தனமாக விளங்கிக்கொள்ளக் கூடாது. தேவை உறுதியானதும் மீளாத செலவைத் தரமாகச் செய்துவிட வேண்டும். அந்த அரைவட்டத்துக்கு உப்பு நீரும் கடல் மணலும் பாவிக்க வேண்டாம் என்றும், ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு வைக்குமாறும் மேசனிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினேன். ஒரு முறை மட்டுமே செய்யும் வேலையில் குறை வைத்தால் இரண்டு முறை செலவாகும்.

இந்த ஆண்டு நீங்கள் செய்ய எண்ணியிருக்கும் செலவுகளை ஒரு தாளில் இரு நிரலாக எழுதுங்கள். மீளாத நிரலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நேரே, "இதைச் சிறிய அளவில் பரீட்சித்துப் பார்த்தேனா?" என்று கேளுங்கள். இல்லை என்பது விடையானால் அந்தப் பணம் இன்னும் சில மாதம் உங்களிடமே இருக்கட்டும்.