முதலில் 17 ரக்அத்

அன்புத் தம்பி ஹஜ்ரத்துக்கு,

நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் ஓதி ஸனது வாங்கிய கையோடு, மயிலாடுதுறைக்குப் பக்கத்திலேயே இமாமத்தும் மக்தபும் ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. தஹஜ்ஜுத் தவறாதவன் நீ. அதை விட்டுவிடாதே. ஆனால் அதை வைத்து ஊராரை அளக்காதே. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நபித்தோழர் முஆது (ரலி) அவர்களின் செய்தியை புகாரியில் ஓதியிருப்பாய். தண்ணீர் இறைக்கும் இரண்டு ஒட்டகங்களோடு இருட்டிய பிறகு ஒருவர் வருகிறார், முஆது நடத்தும் தொழுகையில் சேருகிறார். முஆது பகரா சூராவை ஓதத் தொடங்குகிறார்கள். 286 வசனங்கள். வந்தவர் விலகிப் போய்விடுகிறார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது கண்டிப்பு விழுந்தது இமாமுக்கு. அஃலா, ஷம்ஸ், லைல் ஓதியிருக்கலாமே, உமக்குப் பின்னால் முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் நிற்கிறார்களே என்று கேட்டார்கள். ஷம்ஸுக்கு 15 வசனங்கள்தான்.

அந்த மனிதர் உன் பள்ளியிலும் இருக்கிறார். குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு, மும்முனைக் கரண்டு ராத்திரி எந்நேரம் வருமோ என்று பம்புசெட்டுக்கு ஓடுகிறவர். காலில் சேற்றைக் கழுவிவிட்டுக் கடைசி ஸஃப்பில் நிற்பார். ஃபர்ளு முடிந்ததும் அவர் எழுந்து போனால் முகம் சுளிக்காதே. சுன்னத்தை வழக்கமாக விடுவது சரி என்று சொல்ல வரவில்லை. ஃபர்ளுக்கு வந்தவர் நாளையும் வர வேண்டும்.

அதே முஆதைத்தான் பின்னர் நபி (ஸல்) அவர்கள் யமனுக்கு அனுப்பினார்கள். முதலில் கலிமா, அதை ஏற்றால் ஐவேளைத் தொழுகை, அதையும் ஏற்றால் ஜகாத் என்று வரிசை வகுத்துக் கொடுத்தார்கள். ஜகாத்தில் மக்களின் உயர்ந்த பொருளைப் பொறுக்கி எடுக்காதீர், அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சும் என்றும் எச்சரித்தார்கள். அந்த வரிசையில் நஃபில் ஒன்றுகூட இல்லை.

மக்தபுப் பிள்ளைகள் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு மக்ரிபுக்குப் பிறகு உன்னிடம் வருகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் துஆ மேல் துஆவாக மனப்பாடம் ஏற்றாதே. ஒரு நாளைக்கு ஃபர்ளு 17 ரக்அத், ஒளுவின் ஃபர்ளு ஹனஃபியில் நான்கு, ஷாஃபிஈயில் ஆறு. இவை பிசகாமல் நிற்கட்டும். ஃபாத்திஹாவின் பொருளைத் தமிழில் சொல்லிக்கொடு. மற்றவை தானே பின்னால் வரும். புதிதாக இஸ்லாத்துக்கு வருபவருக்கும் இதே வரிசைதான்.

தராவீஹ் இருபதா எட்டா என்று தமிழ்நாட்டில் எத்தனை ஜமாஅத்துகள் உடைந்தன! ஃபர்ளாகிவிடுமோ என்று அஞ்சி, சில இரவுகளுக்குப் பிறகு ஜமாஅத்தாக நடத்த வெளியே வராமல் இருந்தார்களே நபி (ஸல்) அவர்கள். அந்தத் தொழுகைக்காக ஊரை இரண்டாக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. உன் பள்ளியில் இந்தச் சண்டைக்கு இடம் கொடுக்காதே.

இன்னொன்று. நீ திக்ரில் இருக்கும்போது, கையில் கட்டுப் போட்ட ஒருவர் ஒளு எப்படிச் செய்வது என்று கேட்டு வாசலில் நிற்கலாம். தஸ்பீஹை வைத்துவிட்டு எழுந்து போ. விட்ட நஃபிலை இரவில் செய்துகொள்ளலாம். அவருக்கு வக்து போய்விடும்.

ஃபர்ளு பள்ளிவாசலோடு முடிவதில்லை தம்பி. தாய் தகப்பன் விட்டுப்போன நிலத்தில் பெண்மக்களுக்குப் பங்கு உண்டு என்று நிஸா சூரா சொல்கிறது, சொத்து கொஞ்சமானாலும் அதிகமானாலும். நம் காவிரிக் கரையிலோ அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, முன் ஸஃப்பில் வந்து நிற்கிறவர்கள் உண்டு. மகன் நிக்காஹுக்குக் கைக்கூலி வாங்கிவிட்டு நஃபில் நோன்பு பிடிக்கிறவர்களும் உண்டு. தொப்பியைப் பற்றியும் விரல் அசைப்பதைப் பற்றியும் பயான் கேட்டுக் கேட்டு இவர்களுக்குப் பழகிவிட்டது. பெண்மக்களின் பங்கையும் கைக்கூலியையும் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். நீ சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நிர்வாகத்தில் இருப்பவருக்கே வரலாம். மென்மையாகச் சொல், ஆனால் சொல்லாமல் விடாதே. வரும் ஜும்ஆவிலேயே பெண்மக்களின் பங்கைப் பற்றிப் பேசு.