பூட்டை மட்டும் நம்பாதே தம்பி!

பட்டறை முன்பக்க ஷட்டருக்கு மூணு பூட்டுப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறியா? பந்திங்ல எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் போனார். வந்தவன் பூட்டைத் தொடவே இல்ல. செம்பனைத் தோட்டத்தைப் பார்த்த பின்பக்கத் தகரத்துல எட்டு ஸ்குரூவைக் கழட்டினான், அவ்வளவுதான். புல் வெட்டுற மெஷின் ரெண்டும் கிரைண்டரும் போச்சு. ஸ்குரூ தலையெல்லாம் வெளிப்பக்கம்தானே இருக்கு!

1. இன்னிக்குச் சாயங்காலமே கையில ஸ்பேனரோட பட்டறையை வெளிப்பக்கமா ஒரு சுத்து சுத்து. உனக்குக் கழண்டு வந்தா அவனுக்கும் கழண்டு வரும். தகரத்துக்கு உள்பக்கம் பி.ஆர்.சி. கம்பி வலையை வச்சு, இரும்புச் சட்டத்தோட வெல்டிங் அடி. வெல்டிங் செட் உன்கிட்டயே இருக்கு, அடுத்த வாரம்னு தள்ளாதே.

2. பூட்டு நல்லதா வாங்கிட்டு, கொண்டியைச் சின்ன ஸ்குரூவுல மாட்டி வைக்கிறே. கடப்பாரை வச்சு ஒரு நெம்பு நெம்பினா பூட்டோட கையில வந்துடும். உருண்டைத் தலை போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, நட்டை உள்ளே இறுக்கி, அதுமேல வெல்டிங்ல ஒரு பொட்டு வை. பூட்டோட வளையம் வெளிய தெரியாம மூடியிருக்கணும். போல்ட் கட்டர் வாய் வைக்க இடம் கொடுக்காதே.

3. ஏணி, கடப்பாரை, கிரைண்டர் எதுவும் வெளிய கிடக்கக் கூடாது. வெளிச்சுவர் பிளக்குக்கு சுவிட்ச் உள்ளே இருக்கட்டும். இல்லேன்னா உன் கரண்டுல, உன் கிரைண்டராலயே உன் பூட்டை அறுப்பான்.

4. சிசிடிவி ரெகார்டரை மேசை மேல வைக்காதே, சாமானோட அதையும் தூக்கிடுவான். மெயின் சுவிட்சை அடைச்சாலும் ஓடுற மாதிரி ஒரு பேட்டரி போடு.

5. ஒவ்வொரு மெஷினோட சீரியல் நம்பரையும் இப்பவே போட்டோ எடு. போலீஸ் பிடிச்சுக் கொடுத்தாலும் உன்னுதுன்னு காட்ட வேணாமா?

6. தைப்பூசத்துக்குப் பத்துமலை கிளம்பறப்போ போலீஸ் பலாய்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. ஃபேஸ்புக்ல படம் போடறதெல்லாம் திரும்பி வந்த பிறகு.

காலையில கதவு திறந்து கிடந்தா தனியா உள்ளே நுழையாதே, 999 கூப்பிடு. ராத்திரி உடைச்சுத் திருடினா மலேசியத் தண்டனைச் சட்டம் 457-வது பிரிவுல 14 வருஷம் வரைக்கும் சிறை உண்டு. அதுக்குப் பயந்து, உள்ளே மாட்டிக்கிட்டவன் தப்பிக்க எதையும் செய்வான். போன மெஷினை வாங்கிக்கலாம்டா. போலீஸ் கைரேகை எடுக்கிற வரைக்கும் ஒரு சாமானையும் தொடாதே, கூட்டாதே.