வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறவர்களுக்கு: காலுக்கும் செபத்துக்கும் பயனுள்ள குறிப்புகள்

ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் மாதா பிறந்தநாள் பெருவிழா. அதற்காகக் காவி உடுத்தி, சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போகிறவர்கள் உண்டு. பக்தி இருந்தால் போதும், கால் தானாக நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நேர்ச்சை வைத்த நாளிலேயே பயிற்சியையும் தொடங்க வேண்டும். அதுவும் செபம்தான்.

1. எதற்காக நடக்கிறீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதிச் செபப் புத்தகத்தில் வையுங்கள். 'எல்லாரும் நல்லா இருக்கணும்' என்று பொதுவாக வேண்டாம். 'தம்பி குடியை விடணும்', 'அக்காவுக்குக் குழந்தை வேணும்' என்று ஆளைச் சொல்லி எழுதுங்கள். விடியற்காலையில் எழ மனம் வராத நாளில் அந்தச் சீட்டுதான் உங்களை எழுப்பும்.

2. ஜூலை முதல் வாரத்திலேயே தினம் அரை மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு நீண்ட நடை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஆகஸ்ட் நடுவில் 15 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

3. தூரத்தைச் செபமாலையால் அளக்கலாம். 53 மணி சொல்லி முடிக்க ஏறக்குறைய 20 நிமிடம். சீரான நடையில் அது ஒன்றரை கிலோமீட்டர். அருள் நிறைந்த மந்திரத்தின் நடுவே மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால், வேகம் அதிகம் என்று அர்த்தம். குழுவாகச் சொல்லும்போது ஒரு பாதியை முன்னால் போகிறவர்களும் மறுபாதியைப் பின்னால் வருகிறவர்களும் சொல்வார்கள். மற்றவர் சொல்லும் நேரத்தில் மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

4. மாலைச் செபத்துக்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 15 முறை உயர்த்தி இறக்குங்கள். கையூன்றாமல் நாற்காலியில் 15 முறை உட்கார்ந்து எழுங்கள். கெண்டைக்காலும் முழங்காலும் உறுதிப்படும்.

5. புதுச் செருப்பு, புது ஷூ வேண்டவே வேண்டாம். குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியதாக, விரல் நுனியில் சற்று இடம் இருப்பதாகப் பாருங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். விரல் இடுக்கிலும் தொடை உரசும் இடத்திலும் வாசலின் தடவுங்கள். கொப்புளம் வந்தால் ஊசியில் நூல் கோத்துக் குத்தி விடுவார்கள் சிலர். அதனால் சீழ் பிடிக்கும். பிளாஸ்டர் ஒட்டி மூடினாலே போதும்.

6. வெறுங்காலோடு நடக்க நேர்ந்துகொண்டவர்கள் காலை 9 மணிக்குள் அன்றைய நடையின் பெரும்பகுதியை முடியுங்கள். வெயில் ஏறியபின் தார்ச்சாலையைவிட ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் சூடு குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கு வெறுங்கால் கூடாது. கண்ணாடிச் சில்லு குத்தினாலும் உணர்வு தெரியாமல் போகலாம். பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது.

7. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்புப் போட்ட நீர்மோரை அடிக்கடி குடியுங்கள். வயிற்றுப்போக்கு என்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். நடக்கும் நாட்களில் உபவாசம் வேண்டாம்.

8. இரவில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். குழு இழுத்துச் செல்லும் மாதா சப்பரத்தின் முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும்.

9. மூன்றாம் நாள் பலருக்கும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும். அப்போது வேளாங்கண்ணியை நினைக்காதீர்கள். அடுத்த ஊரை மட்டும் நினையுங்கள். மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று ஒவ்வொன்றாக. அன்றிரவு 1 கொரிந்தியர் 9:24-27 படியுங்கள். கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கொருமுறை இஸ்த்மிய விளையாட்டுப் போட்டி நடந்துவந்தது. ஓட்டக்காரர்கள் உடலை எப்படி ஒடுக்கிப் பழக்குகிறார்கள் என்று அறிந்தவர்களுக்கே பவுல் அதை எழுதினார்.

10. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், முழங்கால் வீக்கம் எது வந்தாலும் உடனே கூட வரும் வண்டியில் ஏறிவிடுங்கள். வண்டியில் ஏறினால் விசுவாசம் குறைந்தது என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மிச்சச் செபமாலையை உட்கார்ந்தபடியே சொல்லலாம்.

11. வீடு திரும்பியதும் படுத்தே கிடக்காமல் ஒரு வாரம் தினம் கால் மணி நேரம் மெதுவாக நடங்கள். இரவில் காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டால் வீக்கம் வடியும்.