நிரலை மொழிபெயர்க்கும் நிரல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவர் கட்டுரை)

ஒரு மொழியில் எழுந்த நூலைப் பிறிதொரு மொழிக்குக் கொண்டுவருவது எத்துணை அரிய பணி என்பதை, அதில் ஒரு பக்கமேனும் முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள். கணிப்பொறிக்கென்று எழுதப்படும் நிரல்களுக்கும் இத்தகைய மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. பல்லாண்டுக் காலம் ஒரு மொழியில் எழுதிச் சேர்த்த நிரலை வேறொரு மொழிக்கு மாற்ற வேண்டிய நிலை வருகிறது. அந்த வேலையையும் கணிப்பொறியிடமே ஒப்படைத்துவிடலாமா? ஒப்படைத்தால் அது எவ்வளவு தூரம் செய்து முடிக்கும்? இவ்விரு கேள்விகளுக்கும் நான் படித்தும் சோதித்தும் அறிந்த அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் மாற்ற வேண்டும்?

அறிவியல் கணக்கீடுகளுக்கான ஃபோர்ட்ரான் மொழியை 1957-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் தலைமையிலான குழுவினர் வெளியிட்டனர். நம் ஊர்ப் பெயர் போலவே ஒலிக்கும் கோபால் என்ற மொழி, வணிகக் கணக்குகளுக்காக 1960-ஐ ஒட்டி உருவானது. இம்மொழிகளில் எழுதிய நிரல்கள் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்றும் இயங்கி வருகின்றன.

நிரல் நீடிக்கிறது; அதை எழுதியவர் ஓய்வு பெற்றுவிடுகிறார். 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில், கொரோனாத் தொற்றினால் வேலையிழந்தோரின் உதவித்தொகை விண்ணப்பங்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மலைபோல் குவிந்தன. அம்மாநில ஆளுநர் பில் மர்ஃபி, கோபால் மொழி அறிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு மொழி அறிந்தவர் அருகிப்போனால் அதன் சுமை யார்மீது விழுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

புதிதாக ஒரு நிரலை எழுதிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். பழைய நிரலில் ஆண்டுதோறும் செய்யப்பட்ட சின்னஞ்சிறு திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் பொதிந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்றோ நேர்ந்த ஓர் இடர்ப்பாடு இருக்கும். புதிதாக எழுதுவோர் அவற்றையெல்லாம் மறுபடியும் பட்டுத்தான் அறிய வேண்டும். எனவேதான் இருப்பதை இருந்தபடியே மாற்றித்தரும் கருவியைத் தேடுகிறார்கள்.

எளிய பகுதி

மாற்றுக் கருவி முதலில் மூல நிரலைப் படித்து, நாம் இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று வாக்கியத்தைப் பிரிப்பதைப் போல உறுப்பு உறுப்பாகப் பிரிக்கிறது. பிரித்தவற்றைக் கிளைகளுடைய மரம் போன்ற அமைப்பில் வைக்கிறது. பின்பு ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற விதியின்படி புதிய மொழியில் எழுதுகிறது.

1990-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு கருவி, ஃபோர்ட்ரான் 77 நிரல்களை இம்முறையில் சி மொழிக்கு மாற்றியது. ஃபோர்ட்ரானில் வரிசைப் பட்டியலின் முதல் உறுப்பு வழக்கமாக 1 என்ற எண்ணைப் பெறும். சி மொழியில் அது 0. இரு பரிமாண அட்டவணையை ஃபோர்ட்ரான் நெடுக்கு வரிசையாக நினைவகத்தில் வைக்கும்; சி மொழி கிடைமட்ட வரிசையாக வைக்கும். இவ்வேறுபாடுகளுக்குத் தெளிவான விதி வகுக்க முடியும். விதி தெளிவாயின் கணிப்பொறி சலிப்பின்றி, ஓரிடமும் விடாமல் அதைச் செய்துவிடும். இப்பகுதியில் மனிதன் அதற்கு ஈடாக மாட்டான்.

அரிய பகுதி

ஆங்கிலக் கதையில் ‘அங்கிள்’ என்று ஒருவர் வருகிறார். தமிழில் அவரை மாமா என்பதா, சித்தப்பா என்பதா, பெரியப்பா என்பதா? சொல்லுக்குள் விடை இல்லை. கதை முழுவதையும் படித்து அறிய வேண்டும். அங்கும் இல்லையெனில் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

நிரலிலும் இதே இடர் உண்டு. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பின் நிரல்களை மூன்றாம் பதிப்புக்கு மாற்ற ஒரு கருவியையும் உடன் அளித்தார்கள். இரண்டாம் பதிப்பில் 7/2 என்றால் விடை 3. இரண்டும் முழு எண்களாக இருப்பதால் பின்னப் பகுதி விடுபடும். 7.0/2 என்றால் விடை 3.5. மூன்றாம் பதிப்பிலோ இரண்டுக்கும் விடை 3.5 தான், முழு எண் விடை வேண்டுமானால் // என்ற குறியை இட வேண்டும்.

இப்பொழுது ‘அ/ஆ’ என்று ஒரு வரி இருக்கிறது எனக் கொள்வோம். அதை எழுதியவர் எத்தனை முழுப் பெட்டிகள் தேறும் என்று கணக்கிட்டாரா, சராசரி கண்டாரா? ‘அ’வில் எத்தகைய எண் வந்து அமரும் என்பது நிரல் ஓடும்பொழுதுதான் தெரியும். கருவி அவ்வரியைத் தொடாமல் விட்டுவிடுகிறது. மாற்றிய நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஓடும். விடை மட்டும் மாறியிருக்கும். நின்றுபோகும் நிரலை உடனே கவனிப்போம். தவறான விடையோடு ஓடும் நிரலை நம்பிவிடுவோம். அதுவே பெரிய ஆபத்து.

எங்கள் வகுப்பில் சி, பைத்தான் இரண்டும் கற்பிக்கப்படுவதால், ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். சி மொழியில் முழு எண் வகுத்தலாக -7/2 என்று கொடுத்தால் விடை -3. பைத்தானில் -7//2 என்று கொடுத்தால் விடை -4. சி மொழி பூச்சியத்தை நோக்கிச் செல்கிறது. பைத்தான் கீழ்நோக்கிச் செல்கிறது. ஆகவே “சி மொழியின் வகுத்தல் குறிக்குப் பதில் // இடுக” என்ற விதி மிகை எண்களுக்குப் பொருந்தும். எதிர்மறை எண்களில் இடறிவிடும். வரவு மட்டும் இருக்கும் கணக்கில் இத்தவறு ஒளிந்திருக்கும். கடன் தோன்றும் நாளில் வெளிப்படும். நண்பர்கள் இதனை ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

ஒரு வெற்றியும் அதன் விலையும்

கூகுள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கோ என்னும் மொழியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அம்மொழியின் தொகுப்பான், அதாவது நிரலைப் பொறி மொழிக்கு மாற்றும் கம்பைலர், முதலில் சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதனைக் கோ மொழியிலேயே அமைக்க விரும்பியவர்கள் புதிதாக எழுத முற்படவில்லை. ரஸ் காக்ஸ் என்பவர் அதற்கென ஒரு மாற்றுக் கருவியை எழுதினார். உலகிலுள்ள எல்லாச் சி நிரல்களையும் மாற்றுவது அதன் குறிக்கோள் அன்று. தம் கையிலிருந்த அந்த ஒரு நிரலை மாற்றினால் போதும் என்று எல்லை வகுத்துக்கொண்டார்.

அங்கும் ‘அங்கிள்’ சிக்கல் எழவே செய்தது. சி மொழியில் ஒரு சுட்டி, தனிப்பொருள் ஒன்றைச் சுட்டலாம்; நீண்ட பட்டியலின் தலைப்பையும் சுட்டலாம். கோ மொழியில் இவ்விரண்டும் வெவ்வேறு வகை. சி மொழியில் உண்மை, பொய் என்பதற்குச் சாதாரண எண்ணையே பயன்படுத்தலாம். கோ மொழியில் அதற்கெனத் தனி வகை உண்டு. ஆகவே ஒவ்வொரு மாறியும் நிரல் முழுவதிலும் எவ்வாறு கையாளப்படுகிறது என்று ஆராய்ந்த பின்பே அது எந்த வகை என முடிவு செய்ய இயலும்.

2015 ஆகஸ்டில் வெளிவந்த கோ 1.5 பதிப்பின் தொகுப்பான், இவ்வாறு மாற்றப்பட்டதேயாகும். வேலை சரியாக நடந்தது. ஆனால் நிரல்களைத் தொகுக்கும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. தானியங்கி மாற்றத்தால் வந்த நிரல் கோ மொழியின் இயல்புக்கு ஏற்ப அமையாததே காரணம் என்பதை அப்பதிப்பின் அறிவிப்புக் குறிப்பே ஒளிக்காமல் கூறியது. தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட ஆங்கில வாக்கியம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்நிரல். பொருள் பிறழவில்லை, நடைதான் வரவில்லை. அதைச் செப்பனிடும் பணி பின்னர் மனிதர் கையால் படிப்படியாக நடந்தது.

அறிய வேண்டுவன

இவற்றிலிருந்து மூன்று செய்திகளை நான் தெளிந்தேன். முதலாவது, வடிவத்தைப் பொறி மாற்றிவிடும். எழுதியவர் மனத்தில் மட்டும் இருந்த நோக்கத்தை அதனால் மாற்ற இயலாது. இரண்டாவது, பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து விடைகளை ஒப்பிட வேண்டும். எதிர்மறை எண், பூச்சியம், வெற்றுப் பட்டியல் போன்ற ஓரத்து நிலைகளையே முதலில் சோதிக்க வேண்டும். மூன்றாவது, மாற்றம் முடிந்த நாளோடு வேலை முடிவதில்லை. புதிய மொழி அறிந்தவர் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் நிரலைத் திருத்தும் வரை அது அரைகுறை வேலையே.

2024-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த டார்பா அமைப்பு, சி நிரல்களை ரஸ்ட் மொழிக்குத் தானாக மாற்றும் ஆய்வுத் திட்டத்தை அறிவித்தது. நினைவகத்தைக் கையாள்வதில் சி மொழியில் நேரும் பிழைகளைத் தவிர்ப்பது அதன் நோக்கம். செயற்கை நுண்ணறிவும் இன்று கேட்ட மாத்திரத்தில் ஒரு நிரலை வேறு மொழியில் எழுதித் தருகிறது. கருவிகள் இன்னும் வளரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘இவ்விடத்தில் பின்னத்தை விட்டது வேண்டுமென்றா, கவனக்குறைவா?’ என்ற வினாவுக்கு, மூல நிரலில் விடை எழுதப்படாதிருந்தால், எந்தக் கருவியும் ஊகம்தான் கூற முடியும்.

ஆதலால் நிரல் எழுதப் பழகும் நாம் இன்றே மேற்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. நிரலில் ஐயத்துக்கு இடமுள்ள வரி ஒவ்வொன்றின் அருகிலும், அது ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்று ஒரு வரிக் குறிப்பு எழுதுவோம். வர வேண்டிய விடைகள் நான்கையும் உடன் வைப்போம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்நிரலை வேறு மொழிக்கு மாற்றப்போகிறவர் நம்மைத் தேடி வர இயலாது. அவர் கேட்கவிருக்கும் கேள்விக்கு விடை அந்த ஒரு வரியில் இருக்கட்டும்.