கரையில் உடையும் அலையும் அதன் முன்னறிவும்

கடலாற் சூழப்பெற்ற தீவில் வாழும் நாம் அலையை நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும், காலடியில் வந்து உடையும் அலை எங்கே பிறந்தது, எத்தனை நாள் பயணஞ் செய்தது, நாளை வரும் அலை எத்தகையது என்பவற்றை ஆராய்ந்து அறிவோர் சிலரே. இவ்வறிவு மீன்பிடிப்போர்க்கும் அலைச்சறுக்கு விளையாடுவோர்க்கும் மட்டும் உரியதன்று. விடுமுறை நாளிற் கடலில் நீராடச் செல்லும் மாணவர் ஒவ்வொருவருக்கும் உயிர்காக்கும் அறிவாகும். ஆதலின் மணற்கரையில் உடையும் அலைகளை முன்னறியும் முறையினைச் சுருக்கமாக ஈண்டு ஆராய்வோம்.

அலையின் பிறப்பும் பயணமும்

அலையை எழுப்புவது காற்று. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் மிகுந்தோறும் அலையும் பெருகும். தென்அகலக்கோடு 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட கடலில் மேலைக்காற்றுகள் ஆண்டு முழுவதும் வலிமையாக வீசுகின்றன. இந்து சமுத்திரத்திற்கு நெட்டலைகளை அனுப்பும் பெரும் ஊற்று அதுவே.

புயலின் நடுவில் அலைகள் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும். புயலை விட்டு நீங்கியபின் அவை தாமே தரம் பிரிகின்றன. ஓர் அலைமுடி கடந்து அடுத்த முடி வரும்வரையுள்ள நேரம் ஆவர்த்தனகாலம் எனப்படும். ஆழ்கடலில் ஆவர்த்தனகாலத்தைச் செக்கனில் அளந்து 1.56 ஆற் பெருக்கினால் அலைமுடியின் வேகம் செக்கனுக்கு இத்தனை மீற்றர் எனக் கிடைக்கும். அலைக்கூட்டமும் அதன் சத்தியும் அதிற் பாதி வேகத்திலேயே செல்லும். 16 செக்கன் அலைக்கூட்டம் ஒரு நாளில் ஏறக்குறைய 1,080 கிலோமீற்றர் செல்லும். 10 செக்கன் அலைக்கூட்டம் 670 கிலோமீற்றரே செல்லும். ஆகவே 6,000 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரே புயலிற் பிறந்த இவ்விரண்டில், முன்னது ஐந்தரை நாளிலும் பின்னது ஒன்பது நாளிலும் நம் கரையை அடையும். நெடிய அலை தூதுவனைப் போல முன்னே வருகின்றது.

முன்னறிவின் வரலாறு

அலையைக் கணித்து முன்கூறும் முறை இரண்டாம் உலகப் போரிற் பிறந்தது. 1942 இல் நேசநாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவின் அத்திலாந்திக்குக் கரையில் இறங்க ஆயத்தமாயின. சிறு படகுகள் உடையும் அலையிற் கவிழுமோ என்னும் அச்சம் எழுந்தது. கலிபோர்ணியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நோர்வே அறிஞர் ஹரால்ட் சுவெர்ட்ரப்பும், வியன்னாவிற் பிறந்த அவர் மாணாக்கர் வால்ற்றர் மங்கும் காற்றின் அளவுகளிலிருந்து அலையின் அளவைக் கணிக்கும் முறையை வகுத்தனர். 1944 யூன் 6 இல் நோர்மண்டிக் கரையில் நிகழ்ந்த இறக்கத்திற்கும் அம்முறை பயன்பட்டது. உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியையே கடலின் அலையுயரமாகக் கொள்ளும் வழக்கமும் அவர்கள் தந்ததே. இவ்வுயரத்தின் இருமடங்கை அணுகும் தனியலையும் நீண்டநேர அவதானிப்பிற் காணப்படும் என்பதை நாம் மறத்தலாகாது.

போருக்குப்பின் மங்கு, மெக்சிக்கோவிற்கு அப்பாலுள்ள குவாடலூப்பேத் தீவில் அலைகளை அளந்து, அவற்றுட் சில இந்து சமுத்திரத்துப் புயல்களில் எழுந்தவை எனக் கண்டார். 1963 இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை ஆறு நிலையங்கள் அமைத்துத் தென்கடலின் அலைகள் பசிபிக்குச் சமுத்திரத்தைக் கடந்து செல்வதை அவரும் துணைவரும் பின்தொடர்ந்தனர். இன்று செய்மதிகளும் மிதவைகளும் கணினிகளும் அப்பணியைச் செய்கின்றன. பல நாட்களுக்கு முன்னரே அலையின் உயரம், ஆவர்த்தனகாலம், திசை ஆகியன எவர்க்கும் கிடைக்கின்றன.

கரையை அணுகும் அலை

அலைநீளத்திற் பாதியளவு ஆழமுள்ள இடத்தில் அலை கடலடியை உணரத் தொடங்கும். 7 செக்கன் அலை அதனை ஏறக்குறைய 38 மீற்றர் ஆழத்திலும், 16 செக்கன் அலை 200 மீற்றர் ஆழத்திலும் உணரும். அதன்பின் வேகம் குறையும், முடிகள் நெருங்கும், உயரம் ஏறும். நீரின் ஆழம் அலையுயரத்தின் ஒன்றேகால் மடங்களவிற்குக் குறையும்போது அலை உடையும். ஆழ்கடலில் ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளுள் ஆவர்த்தனகாலம் நீண்டதே கரையிற் பெரிதாக எழுந்து, மிகுந்த விசையுடன் உடையும். ஆதலின் முன்னறிவித்தலில் உயரத்தை மட்டும் நோக்குவோர் பாதியையே படித்தவராவர்.

திசையும் நோக்கற்பாலது. தென்மேற்கிலிருந்து வரும் அலை நம் கிழக்குக்கரையை அடையத் தீவின் தென்முனையைச் சுற்றி வளைய வேண்டும். வளையுந்தோறும் வலி குன்றும். தென்கிழக்கிலிருந்து வருவது நேரே வரும். உள்ளூர்க் காற்றும் அலையின் தோற்றத்தை மாற்றும். கிழக்குக்கரையிற் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது அலையின் முகம் செங்குத்தாக நின்று ஒழுங்காக உடையும்; பிற்பகலிற் கடற்காற்று எழுந்ததும் அது குலையும். வற்றுப்பெருக்கு நம் கரைகளில் ஒரு மீற்றருக்குக் குறைவே. எனினும் ஆழங்குறைந்த மணற்றிட்டின்மேல் அச்சிறு வேறுபாடும் அலை உடையும் இடத்தை மாற்றப் போதும்.

மணலின் பங்கு

அறுகம் குடாவில் அலை ஒரு முனையைச் சுற்றி வளைந்து உடைகின்றது, முனை நிலையானது. திறந்த மணற்கரையிலோ அலையை உடைப்பது நீருக்கடியிலுள்ள மணற்றிட்டு. அது நிலையானதன்று. வாடைக்காலத்துப் பேரலைகள் கரைமணலை வாரி வெளியே திட்டாக இடும். அமைதிக்காலத்து அலைகள் அதனை மீண்டும் கரைக்குக் கொணரும். சென்ற மாதம் நீராடிய இடம் இம்மாதம் அதே இடமன்று.

திட்டின்மேல் உடைந்து உள்ளே வந்த நீர், திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் வழியே கடலுக்கு மீளும். இதுவே இழுவோட்டம். வலுத்தபோது அதன் வேகம் செக்கனுக்கு 2 மீற்றரையும் எட்டும். உலகின் தலைசிறந்த நீச்சல்வீரர் நூறு மீற்றர்ப் போட்டியில் நீந்தும் வேகமும் ஏறக்குறைய அவ்வளவே. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் அலை உடையாது கருமையாகவும் அமைதியாகவும் தோன்றும் நீர்ப்பாதை எதுவோ, அதுவே பெரும்பாலும் இழுவோட்டம். அறியாதோர் அவ்விடத்தையே பாதுகாப்பானதெனத் தெரிந்தெடுப்பர். அகப்பட்டோர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்தலாகாது. மிதந்து, கையுயர்த்தி உதவி கோரல் வேண்டும். இயன்றாற் கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகி, அலை உடையும் பக்கமாகக் கரை சேரல் வேண்டும்.

தெளிந்த வானமும் தூரத்துப் புயலும்

2024 ஏப்ரல் இறுதியில் தென்னிந்து சமுத்திரத்தில் ஒரு புயல் வலுத்தது. அதன் நெட்டலைகள் மே முதல் வாரத்தில் இந்தியாவின் தென்கரையை அடைந்தன. கேரள மீனவர் இத்தகைய வரவைக் கள்ளக்கடல் என்பர். உள்ளூரிற் புயலோ மழையோ இன்றித் திருடனைப் போல வருதலின் அப்பெயர் பெற்றது. எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எனினும் மே 6 ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையால் இழுக்கப்பட்டு உயிர்நீத்தனர். பிறருயிரைக் காக்கக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள் அவர்கள். கணித்தறியும் விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தும், அவ்வறிவு கரையில் நின்றோரிடம் சென்று சேரவில்லை.

ஆதலின் கடலுக்குச் செல்லுமுன் மாணவர் இரண்டு செயல்களை வழக்கமாகக் கொள்ளல் வேண்டும். முதலாவது, வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பார்த்தல்; அதில் உயரத்துடன் ஆவர்த்தனகாலமும் கிடைப்பின் அதனையும் நோக்குதல். இரண்டாவது, கரையை அடைந்ததும் நீரில் இறங்காது கால்மணி நேரமாவது நின்று பார்த்தல். பேரலைகள் கூட்டமாக வந்து, இடையே பல நிமிடங்கள் ஓய்ந்திருத்தல் இயல்பு. அவ்வோய்வை அமைதியென எண்ணுதல் ஆபத்தாகும். அலை எங்கே உடைகின்றது, நுரை எங்கே வெளிச்செல்கின்றது என்பவற்றை அவதானித்து, அக்கரையில் வலைபோடும் மீனவரிடமும் கேட்டறிதல் நன்று.

ஆழ்கடலின் செய்தியைக் கணினி கூறும். மணலின் செய்தியைக் கண்ணே கூறும். இவ்விரண்டையும் ஒருங்கே படிக்கும் பழக்கம் நம் கல்லூரி மாணவரிடையே வளர்வதாக.